முகம் சாவி ஆகாது

"போனுக்கு முகத்தைவிடப் பத்திரமான பூட்டு கிடையாது" என்ற பேச்சு செல்போன் கடைக்காரர், கல்லூரி போகும் பிள்ளை, பத்திரிகையின் தொழில்நுட்பப் பக்கம் என்று எங்கிருந்தும் ஒன்றுபோலவே வருகிறது. அதற்குச் சொல்லும் காரணங்கள் மூன்று. நம்பர் மறந்துபோகும், முகம் மறக்காது. நம்பரை எட்டிப் பார்த்துத் திருடலாம், முகத்தைத் திருட முடியாது. நம்பரை யாரும் அடிக்கலாம், உங்கள் முகம் உங்களுக்கு மட்டும்தான். வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, சிவகாசி பட்டாசு வட்டாரத்தில் நான்காவதாக இன்னொரு காரணமும் சேர்கிறது. இருப்பதிலேயே வலுவானது அதுதான்: இங்கே உழைக்கிற கைகளில் ரேகை நிற்பதில்லை.

அது உண்மை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் நாள் முழுக்கப் புழங்கும் விரல்கள் அவை. சரம் பின்னுகிறவர், திரி வெட்டுகிறவர், குழாய்க்குள் மருந்து செலுத்துகிறவர், யாரை எடுத்தாலும் விரல் நுனி வறண்டு, தோல் உரிந்து, பொடி ஏறிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். ரேஷன் கடைக் கருவியில் ஒருமுறை வைத்து, சேலை முந்தானையில் துடைத்து மறுமுறை வைத்து, கட்டைவிரலை விட்டு ஆள்காட்டி விரலை வைத்து, அதுவும் ஏறாமல் நிற்கிற பெண்களை இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். போனின் கைரேகைப் பூட்டும் இவர்களுக்கு இப்படித்தான் கைவிரிக்கிறது. ஆகவே முகத்தைப் போடு என்கிறார்கள்.

இந்த "ஆகவே"யைத்தான் நான் மறுக்கிறேன். விரல் தோற்றதாலேயே முகம் ஜெயித்துவிடாது. ஒருவர் யார் என்று அடையாளம் காண முகம் நல்ல கருவி. அவருடைய பொருளைப் பூட்டிவைக்க அது மோசமான கருவி. வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை இது யார் வீடு என்று சொல்லும். அந்தப் பலகையைக் கொண்டே கதவைத் திறக்கும்படி யாரும் வீடு கட்டுவதில்லை. சாவிக்கு வேண்டிய குணங்கள் மூன்று. பிறர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். பறிபோனால் மாற்ற முடிய வேண்டும். உடையவர் மனம் வைத்தால் மட்டுமே திறக்க வேண்டும். முகத்திடம் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

முதலில், முகப்பூட்டு என்ற ஒரே பெயரில் விற்கப்படுவது ஒரே பொருள் அல்ல என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 2017-ல் ஐபோன் எக்ஸில் ஆப்பிள் கொண்டுவந்த ஃபேஸ் ஐடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் 30,000-க்கும் மேற்பட்ட புள்ளிகளை முகத்தின் மேல் வீசி, மூக்கு எவ்வளவு மேடு, கண் எவ்வளவு குழி என்று ஆழத்தை அளக்கிறது. 2015-ல் விண்டோஸ் 10-உடன் வந்த விண்டோஸ் ஹலோவும் அகச்சிவப்புக் கேமரா உள்ள கணினியில்தான் முகத்தை ஏற்றுக்கொள்ளும். பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனில் பொதுவாக இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. செல்ஃபி எடுக்கும் அதே கேமராதான் முகத்தையும் பார்க்கிறது. அதற்குத் தெரிவது தட்டையான ஒரு படம்.

தட்டையாகப் பார்க்கும் கருவியிடம் தட்டையான ஒரு போட்டோவை நீட்டினால் என்ன ஆகும்? சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2019 ஜனவரியில் நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கமான கான்சுமென்டன்பாண்ட் 110 போன்களைச் சோதித்த முடிவை வெளியிட்டது. அவற்றில் 42 போன்கள் உரிமையாளரின் போட்டோவைக் காட்டியதுமே திறந்துகொண்டன. நான்கு ஆண்டுகளில் தொழில்நுட்பம் முன்னேறியிருக்கும் என்று நினைப்போம். 2023-ல் பிரிட்டனின் விச் அமைப்பு 48 புதிய மாடல்களைச் சோதித்தது. 19 மாடல்கள் சாதாரணத் தாளில் அச்சிட்ட போட்டோவுக்குத் திறந்தன. சாம்சங், ஓப்போ, விவோ, ஷாவ்மி என்று நம் பஜாரில் பலகை மாட்டியிருக்கும் கம்பெனிகளின் மாடல்கள்தான் அந்தப் பட்டியலில் இருந்தன. ஐபோன்கள் அதில் இல்லை. ஐபோனை வைத்துக் கிடைத்த நல்ல பெயரில், அந்தக் கேமராவே இல்லாத போனின் முகப்பூட்டையும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஏமாற்று தெரியாமலேயே நாமும் அதை வழிமொழிகிறோம்.

இது கம்பெனிகளுக்குத் தெரியாத ரகசியமும் அல்ல. ஆண்ட்ராய்டை நடத்தும் கூகுளே உடல் அடையாளப் பூட்டுகளை மூன்று வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. போட்டோ, முகமூடி போன்ற போலிகளைக் கொண்டு ஏமாற்றும் முயற்சிகளில் நூற்றுக்கு 7-க்கு மேல் பலிக்காத பூட்டு முதல்தரம். 7 முதல் 20 வரை பலித்தால் நடுத்தரம். 20-க்கும் மேல் பலித்தால் கடைத்தரம். செல்ஃபி கேமராவை மட்டும் நம்பும் முகப்பூட்டுகளில் பெரும்பாலானவை கடைத்தரத்தில்தான் வருகின்றன. கடைத்தரப் பூட்டை வேறு செயலிகள் பயன்படுத்த ஆண்ட்ராய்டு அனுமதிப்பதில்லை. திரை முகத்துக்குத் திறந்த அதே போனில் வங்கிச் செயலி முகத்தை ஏற்காமல் விரலையோ நம்பரையோ கேட்பது இதனால்தான். செய்தவனே நம்பாத பூட்டை நம்மை மட்டும் நம்பச் சொல்கிறார்கள்.

எச்சரிக்கையும் போனுக்குள்ளேயே இருக்கிறது. முகத்தைப் பதியும்போது ஒரு திரை வரும். உங்களைப் போலத் தோற்றம் கொண்டவர் அல்லது ஒரு பொருள் இந்தப் போனைத் திறக்கக்கூடும், இது நம்பரையும் பாஸ்வேர்டையும்விடப் பாதுகாப்பில் குறைந்தது என்கிற கருத்தில் சின்ன எழுத்தில் நான்கு வரி. கடையில் நடப்பதைப் பாருங்கள். பையன் பெட்டியைப் பிரிக்கிறான், சிம்மைப் போடுகிறான், வரிசையாக வரும் ஆங்கிலத் திரைகளைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறான். அந்த நான்கு வரியும் அந்தத் தள்ளலில் போய்விடுகிறது. பிறகு போனை வாங்க வந்தவர் பக்கம் திருப்பி, "அக்கா, நேரா பாருங்க. ஆச்சு. இனிமே நம்பர் எதுவும் அடிக்க வேணாம், மொகத்தக் காட்டுனாப் போதும்" என்கிறான். அவன் மேல் குற்றம் இல்லை. அவனுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. படித்துவிட்டு ஒப்புக்கொள்ள வேண்டிய எச்சரிக்கையை வாங்குகிறவருக்குப் புரியாத மொழியில் ஓடவிட்டுவிட்டு, சொல்லிவிட்டோம் என்று கைகழுவுகிற கம்பெனிதான் குற்றவாளி.

"இருக்கட்டும், பணம் வங்கிச் செயலிக்குள்தானே இருக்கிறது, அதற்குத் தனிப் பூட்டு இருக்கிறதே" என்பார்கள். திரை திறந்துவிட்டால் வேறு என்னவெல்லாம் திறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வங்கி அனுப்பும் ஓடிபி வந்து விழும் குறுஞ்செய்திப் பெட்டி. ஆதார் அட்டையும் பாஸ்புக் முதல் பக்கமும் படமாகக் கிடக்கும் கேலரி. மகளிர் குழுவின் கடன் கணக்கு பேசப்படும் வாட்ஸ்அப். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் புதியது அமைக்க வழி அனுப்பும் மின்னஞ்சல். வங்கிச் செயலியின் பூட்டை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. அதைப் புதிதாக அமைத்துக்கொள்ளத் தேவையான பொருட்களில் பாதி, திறந்த திரையிலேயே கிடைக்கிறது.

அடுத்து, முகத்தைத் திருட முடியாது என்ற வாதம். திருட வேண்டியதே இல்லை என்பதுதான் என் பதில். வைப்பாற்றுக் கரையிலிருந்து சாத்தூர் ரோடு வரை எந்த ஊர் முக்கில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கல்யாணம், பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி. ஒவ்வொரு பிளெக்ஸிலும் தாய்மாமன் தொடங்கிப் பங்காளி பேரன்மார் வரை வரிசையாக முகங்கள். நேராகப் பார்த்து, நல்ல வெளிச்சத்தில், ஆளுயரத்தில். ஸ்டூடியோக்காரர் முகத்திலிருந்த மாசு மருவையும் துடைத்துக் கொடுத்திருப்பார். இதோடு வாட்ஸ்அப் முகப்புப் படம், ஸ்டேட்டஸ், கல்யாண ஆல்பம். தன் முகத்தை ஊருக்குக் காட்டுவதில் தவறே இல்லை. அது நம் ஊர் வாழ்க்கையின் சந்தோஷம். ஊருக்கே காட்டுகிற ஒன்றைப் பெட்டகத்தின் சாவியாக்குவதுதான் தவறு. போனில் பதிந்த முகத்தரவு போனைவிட்டு வெளியே போவதில்லை என்று கம்பெனிகள் உறுதி சொல்கின்றன. நல்ல போன்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் முகம் ஏற்கெனவே வெளியில்தானே இருக்கிறது?

பட்டாசு வட்டாரத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி போதும் என்கிற இடத்தில் அந்தக் கட்டுப்பாடு உயிர் காக்கிறது, அதில் தளர்வு கூடாது. அதன் விளைவாக வேலைக்குப் போகும் பெண்ணின் போன் பகல் முழுக்க அவர் கையில் இருப்பதில்லை. வீட்டு அலமாரியில் இருக்கும், இல்லாவிட்டால் வாசலில் ஒப்படைத்த இடத்தில் இருக்கும். நகரத்து அலுவலகக்காரருக்குப் போன் சட்டைப்பையைவிட்டு நீங்காது. முகப்பூட்டின் பெருமையைப் பேசுகிறவர்கள் அவரை மனதில் வைத்தே பேசுகிறார்கள். எட்டு மணி நேரம் பிறர் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும் போனும், எதிர்ச் சுவரில் தொங்கும் கல்யாண போட்டோவும் ஒரே வீட்டில் இருக்கும்போது அந்தப் பூட்டுக்கு என்ன மதிப்பு?

உங்கள் முகம் உங்களுக்கு மட்டும்தான் என்பதும் முழு உண்மை அல்ல. விலை உயர்ந்த ஃபேஸ் ஐடிகூட இரட்டையர், உருவ ஒற்றுமை உள்ள உடன்பிறந்தோர், 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் தவறிவிட வாய்ப்பு கூடுதல் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. 2017-ல், போன் விற்பனைக்கு வந்த அதே மாதத்தில், தாயின் ஐபோனைப் பத்து வயது மகனின் முகம் திறந்த காணொளியை உலகமே பார்த்தது. அக்கா ஜாடையில் தங்கையும், அப்பா ஜாடையில் மகனும் பிறக்கிற வீடுகளில் இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது.

இதையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. என் கோபமும் அங்கேதான். முகப்பூட்டு நம் சம்மதத்தைக் கேட்பதில்லை. நம்பர் மனதுக்குள் இருக்கிறது. நாம் சொன்னால் ஒழிய வெளியே வராது. முகம் அப்படியல்ல, போனைத் தூக்கி எதிரே நீட்டினால் போதும். 2019-ல் கூகுளின் பிக்சல் 4 வந்தபோது, கண்ணை மூடித் தூங்குகிறவர் முகத்துக்கும் அது திறந்தது. கண் திறந்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு அடுத்த ஆண்டுதான் வந்தது. மலிவுப் போன்கள் பலவற்றில் அப்படி ஒரு தெரிவு இருந்தாலும் அதைத் தேடிப்போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். கண் திறந்தே இருந்தாலும் என்ன? இரண்டு பேர் பிடித்துக்கொண்டு மூன்றாமவர் போனை நீட்டினால் திறந்துவிடும்.

இந்தக் குறையின் பாரம் எல்லார் மேலும் ஒன்றுபோல் இறங்குவதில்லை. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் பெண்களின் கணக்கில் நேரே விழத் தொடங்கியது. பட்டாசு ஆலைக் கூலி, குழுக் கடன், பிள்ளையின் உதவித்தொகை என்று ஒரு பெண்ணின் கைக்கு வரும் எல்லாப் பணத்தின் தகவலும் அவள் போனுக்கு வருகிறது. குடித்துவிட்டு வந்து கை நீட்டும் கணவனோ, வட்டிக்காரனோ, "எதுக்குப் பூட்டி வச்சிருக்க, என்ன மறைக்கிற" என்று கேட்கும் சொந்தமோ அவள் முகத்துக்கு நேரே போனைக் காட்டினால் பூட்டு அவர்கள் பக்கம் சேர்ந்துவிடும். நம்பர் இருந்தால் "சொல்ல மாட்டேன்" என்று சொல்ல ஒரு வாயாவது அவளுக்கு இருக்கிறது. அடித்துப் பிடுங்கலாம் என்பீர்கள். பிடுங்கலாம்தான், அங்கே வன்முறை வெளியே தெரியும், அவளுக்கும் ஊருக்கும் தெரியும். முகப்பூட்டில் அவள் தூங்கி எழுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், யார் திறந்தது என்பதற்குத் தடயமும் இருக்காது. வீட்டுக்குள் உள்ள ஆளிடமிருந்து காக்காத பூட்டை, திருடனிடமிருந்து காக்கும் பூட்டு என்று சொல்லி ஒரு பெண்ணிடம் கொடுப்பது அநியாயம்.

சட்டத்திலும் உள்ளத்துக்கும் உடம்புக்கும் வேறுபாடு உண்டு. 1961-ல் காத்தி காலு ஓகட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் கொடுப்பது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வது ஆகாது என்று தீர்ப்பளித்தது. மனதில் உள்ளதைச் சொல்ல வைப்பது வேறு, உடம்பில் உள்ளதைக் காட்ட வைப்பது வேறு என்பதே அதன் சாரம். ஆகவே அதிகாரத்தின் எதிரில் நிற்கும்போதும் சாவி மனதுக்குள் இருப்பதே நல்லது.

முகத்தை மாற்ற முடியாது என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அதுதான் அதன் ஆபத்து. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்தது செய்தியானது. ஒரு கணக்கின் பாஸ்வேர்டு வழியாகப் புகுந்திருந்தார்கள். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிவிடலாம். 2019-ல் பயோஸ்டார் 2 என்ற கதவுப்பூட்டு அமைப்பின் தரவுத்தளம் காப்பின்றிக் கிடந்தபோது அதில் கைரேகைகளும் முகத்தரவுகளும் இருந்தன. அவற்றுக்கு உடையவர்கள் எதை மாற்றுவார்கள்?

முகம் மாறவே மாறாது என்பதும் இந்த மண்ணில் சொல்லக்கூடாத பேச்சு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளம் ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியில் 10 பேர் போனார்கள். இறந்தவர் எண்ணிக்கையைத்தான் செய்தி சொல்லும். பிழைத்தவர்கள் தீக்காயப் பிரிவில் முகத்தில் கட்டோடு கிடப்பார்கள். மாதக்கணக்கில் ஆறி வரும் தோல் பழைய தோலாக இருக்காது. இமை, மூக்கு, உதடு எல்லாம் இழுத்துப் பிடித்திருக்கும். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் எடுக்க வேண்டிய அந்த நாளில்தான் முகப்பூட்டு "நீ யார்?" என்று கேட்கும். பின்னால் ஒரு நம்பர் இருந்து, அது நினைவிலும் இருந்தால் தப்பினார். "இனிமே நம்பர் வேணாம்" என்ற பேச்சை நம்பி அதை மறந்திருந்தால்? விரல் கெட்டவருக்கு மாற்று முகம் என்கிறவர்கள், விரலைக் கெடுக்கும் அதே மருந்து முகத்தையும் கெடுக்கும் என்பதை எப்படி மறந்தார்கள்?

எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த வாதத்துக்கு வருகிறேன். ஜனங்கள் 1234 வைக்கிறார்கள், பிறந்த வருஷத்தை வைக்கிறார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பார்க்க அடிக்கிறார்கள். அதைவிட முகம் மேல் அல்லவா என்பது அந்த வாதம். நியாயமான கேள்வி. பதிலும் தெளிவானது. முகப்பூட்டு நம்பரின் இடத்தை எடுத்துக்கொள்வதே இல்லை. போனை அணைத்துப் போட்டால் நம்பர் கேட்கும். ஐபோனில் ஐந்து முறை முகம் பொருந்தாவிட்டால் நம்பர் கேட்கும். 48 மணி நேரம் திறக்காமல் வைத்திருந்தாலும் நம்பர்தான். அதாவது 1234 என்ற பின்கதவு அப்படியே இருக்க, முன்னால் இன்னொரு கதவு வைக்கிறோம். கதவு கூடினால் பத்திரம் கூடாது, திருடனுக்கு வழிதான் கூடும். அந்நியருடைய முகம் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று ஃபேஸ் ஐடியைப் பற்றி ஆப்பிள் சொல்கிறது. கண்டபடி தேர்ந்த ஆறு இலக்க நம்பருக்கும் அதே பத்து லட்சம் வகை உண்டு. லட்ச ரூபாய்ப் போன் தரும் கணக்கை ஆறு இலக்கம் எந்தப் போனிலும் தருகிறது. தவறாக அடிக்க அடிக்கப் போன் காத்திருக்கச் சொல்லும். கசிந்தால் அன்றே மாற்றலாம்.

எட்டிப் பார்த்து நம்பரைத் திருடும் கும்பல்களுக்காக 2024 ஜனவரியில் ஆப்பிளே, பழக்கமில்லாத இடத்தில் முக்கிய அமைப்புகளை மாற்ற முகத்தையும் கேட்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆழம் அளக்கும் கேமராவை வைத்து, நம்பரோடு கூடுதலாக முகம். அப்படிச் செய்தால் நானும் ஏற்கிறேன். நம்பருக்குப் பதிலாக முகம் என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

"படிக்காத ஜனங்களுக்கு நம்பர் நினைவில் நிற்காது" என்று இரக்கத்தோடு சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாரம் முழுக்க எத்தனை குரோஸ் முடித்தோம், எவ்வளவு முன்பணம் பிடித்தம், குழுவில் எத்தனை தவணை பாக்கி என்று காகிதம் இல்லாமல் மனக்கணக்கில் வைத்திருக்கிற பெண்கள் இவர்கள். ஆறு இலக்கம் அவர்களுக்குப் பாரம் அல்ல. ஏன் வேண்டும் என்று யாரும் அவர்களிடம் விளக்கவில்லை என்பதே குறை.

நம்மைச் சுற்றி முகத்தை நம்பும் ஏற்பாடுகள் பெருகிக்கொண்டே வருவதால் இது வெறும் போன் விஷயம் அல்ல. 2025 ஜூலை முதல் அங்கன்வாடியில் சத்துணவுப் பொட்டலம் வாங்க முகம் காட்ட வேண்டும் என்றார்கள். அதே மாதம், நூறு நாள் வேலையின் வருகைச் செயலியில் ஆளுக்குப் பதில் போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விட்டது. அக்டோபரில், யூபிஐ பின் நம்பருக்குப் பதிலாகப் போனில் பதிந்த முகத்தையோ கைரேகையையோ கொண்டு பணம் அனுப்பும் வசதியை, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ அறிமுகப்படுத்தியது. ஓய்வூதியக்காரர் வீட்டிலிருந்தே முகம் காட்டி வாழ்நாள் சான்று கொடுப்பது 2021-ல் வந்த நல்ல வசதி. அது அடையாளம் காட்டும் வேலை, முகத்துக்கு உரிய வேலை. பணப்பெட்டியைத் திறப்பதும் கிடைக்க வேண்டிய உணவை நிறுத்துவதும் முகத்துக்கு உரிய வேலைகள் அல்ல.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. செல்ஃபி கேமரா மட்டும் உள்ள போனில் முகப்பூட்டை இன்றே எடுத்துவிடுங்கள். ஆறு இலக்க நம்பர் வையுங்கள். பிறந்த வருஷமும் வண்டி நம்பரும் வேண்டாம். பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மறையுங்கள், ஓடிபி அங்கேதான் கசியும். நல்ல போன் என்பதால் முகம் வைத்தே தீருவேன் என்றால் கண் திறந்திருக்க வேண்டும் என்ற தெரிவைப் போட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறையாவது நம்பரை அடித்துத் திறந்து அதை நினைவில் வையுங்கள். யூபிஐயில் பின் நம்பரையே தொடருங்கள்; முகம் கட்டாயம் அல்ல.

கம்பெனிகளிடமும் அரசிடமும் கேட்க வேண்டியது வேறு. பட்டாசுப் பெட்டியின் மேல் எச்சரிக்கை அச்சிடாமல் விற்க விடாத நாடு இது. போன் பெட்டியின் மேல் அதன் முகப்பூட்டு முதல்தரமா கடைத்தரமா என்று தமிழில் அச்சிட வைக்க முடியாதா? கடைத்தரம் என்றால் பூட்டு என்ற பெயரிலேயே விற்கக் கூடாது என்று சட்டம் செய்யுங்கள். முகம் பொருந்தாத காரணத்துக்காக எந்தக் கூலியும் எந்த உணவும் நிற்கக் கூடாது என்றும், அந்த இடத்திலேயே மனிதர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் மாற்று வழி இருக்க வேண்டும் என்றும் விதி எழுதுங்கள். தீக்காயம் பட்டு வந்தவரிடம் புது முகத்தைப் பதிந்துகொண்டு வா என்று அலையவிடும் அதிகாரம் எந்தக் கருவிக்கும் கிடையாது.

பூட்டு யாருக்காக என்ற கேள்வியில் எல்லாம் அடங்கிவிடுகிறது. திறக்கும் வேகத்துக்காக என்றால் முகமே போதும். உழைத்துச் சேர்த்தது உடையவரிடமே நிற்க வேண்டும் என்பதற்காக என்றால், திறக்கவும் மறுக்கவும் உடையவருக்கே அதிகாரம் தரும் பூட்டு வேண்டும். வெம்பக்கோட்டைப் பெண்ணின் போனுக்கு அந்த அதிகாரத்தை ஆறு இலக்கம் தருகிறது. அவள் முகம் தரவில்லை. அவளிடம் இதைச் சொல்லிப் போனை விற்பதுதான் நேர்மையான வியாபாரம்.